பேரன் நெத்தியில விழாத சந்தனம்

ஏட்டி, ஊர்க்கதைன்னா ஒனக்குச் சோறு தண்ணி வேண்டாமோ? புத்தகத்த எடுன்னா கண்ணு சொக்குது. மாமன் வீட்டுல என்ன சண்டைன்னு கேக்க மட்டும் சென்னையில இருந்து போனப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. ஒங்கம்மா கேக்கச் சொன்னாளா, இல்ல மொறைப்பையன் கைவிட்டுப் போயிட்டானேன்னு நீயாக் கேக்கியா? தெரிஞ்சு ஒனக்கு என்ன ஆகப் போகுது? சரி, சொல்லாட்டா விடவா போற. அந்த ஸ்பீக்கர அமத்து மொதல்ல. ஒங்கப்பா காதுல விழுந்தா திருநெல்வேலி வரைக்கும் போயிரும்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால சந்துல நாங்க கீழ இருக்கோம், அந்த வங்காளி வீடு எங்க தலைக்கு மேல. அந்த வீட்டுப் பொண்ணு நடை பழகுன நாள்ல இருந்து நம்ம அடுக்களையில தோசை தின்னு வளந்தவ. என்னைய ஆச்சின்னுதான் கூப்பிடுவா. தமிழ் எம் பேரனவிட நல்லாப் பேசுவா. அவன் வங்காளத்துல நெனைச்சுத் தமிழ்ல துப்புத பய. ரெண்டும் நியூ டவுன்ல வேலை பாக்கு. ஒரே பஸ்ல போவும், ஒரே பஸ்ல வரும். எனக்குக் கண்ணு மங்கலுன்னாலும் இதெல்லாம் தெரியாமலா இருக்கும். கேக்கல, அவ்வளவுதான்.

ஒம் மாமன்தான் மொதல்ல பாத்தான். ஹவுராவுக்கு ஏதோ சோலியாப் போயிட்டு படகுல திரும்பி வாரான். முன்னால பெஞ்சுல ஒரு கொடை விரிச்சிருக்கு. மழையும் இல்ல, வெயிலும் சாஞ்சிட்டு. கொடைக்குள்ள ரெண்டு தலை. அதுல ஒண்ணு தம் மகன் தலை. பெத்த அப்பன் என்ன செய்யணும்? பக்கத்துல போயி ஒரு செருமலாவது செருமணும். இவன் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு, படகு கரை சேந்ததும் ஆள விட்டாப் போதும்னு ஓடி வந்துட்டான். வந்து பொண்டாட்டி காதுல ஓதினான்.

அவ நேரா மாடிக்குப் போனா. அந்தப் பொண்ணோட அம்மாவுக்கும் ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கு. ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டு டீ குடிச்சாவ. இவளுக்கு, மீன் நாத்தம் சைவ வீட்டுக்குள்ள வந்துருமேன்னு பயம். அவளுக்கு, மீன் வாடையே இல்லாத வீட்டுல தம் மக எலும்பாப் போயிருவாளேன்னு பயம். ரெண்டு பயமும் சேந்து ஒரு திட்டம் போட்டாச்சு.

இங்கன பாய்ஃபோட்டான்னு ஒரு நாள் உண்டு. காளி பூசை கழிஞ்ச கையோட வரும். அக்கா தங்கச்சிக, கூடப் பொறந்தவனத் தரையில பாய் போட்டு உக்கார வச்சு, இடது கை சுண்டு விரலால சந்தனத்தத் தொட்டு நெத்தியில வைப்பாவ. எமன் வீட்டு வாசல்ல முள்ளப் போட்டு அண்ணன் தம்பி உசுரக் காக்குத மாதிரி ஒரு பாட்டும் படிப்பாவ. கூடப் பொறந்தவன் இல்லன்னா தெரிஞ்ச பையன் யாருக்காவது வைக்கலாம். ஆனா வச்சா வச்சதுதான். அன்னையில இருந்து அவன் அண்ணன். பெறவு அவனக் கட்டிக்கிட நெனைச்சாலே பாவம்னு சொல்லுவாவ. பின்னாலயே சுத்துத பயலுகள வெரட்ட இந்தத் தெருப் பொண்ணுக இதத்தான் செய்யும். இங்க அம்மாமாரு செய்யக் கெளம்பிட்டாவ.

சொன்ன காரணம் என்னமோ சக்கரைதான். அந்தப் பொண்ணுக்குக் கூடப் பொறந்தவன் பெங்களூர்ல இருக்கான், இந்த வருசம் லீவு கெடைக்கல, பிள்ளை ஏங்கிப் போவா, ஒம் மகன அனுப்புன்னு மேல இருந்து ஒரு அழைப்பு. அதுக்கென்ன, தாராளமா வருவான்னு கீழ இருந்து ஒரு பதில். இத யாரு வேண்டாம்னு சொல்ல முடியும்? சொன்னா ஏன்னு கேப்பாவல்லா. பெத்தவுக நாலு பேரு, ஒருத்தராவது அந்தப் பிள்ளைகள உக்கார வச்சு என்ன சங்கதின்னு கேக்கல. கேட்டு அதுக ஆமான்னுட்டா என்ன செய்யன்னு நடுக்கம்.

மொத நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணு ஒரு கிண்ணத்தத் திருப்பிக் குடுக்க வந்தா. குடுத்துட்டுப் போகல. நான் வெண்டைக்காய் நறுக்குதேன், அவ காம்பக் கிள்ளிக்கிட்டே இருக்கா. ஒனக்கு அண்ணன் கெடைக்கப் போறானாமேன்னு வாயக் கெளறுனேன். சிரிப்பான்னு பாத்தேன், சிரிக்கல.

"ஆச்சி, அவன் வந்து பாயில உக்காந்தான்னா நான் வைப்பேன். வச்சிட்டா மாத்த மாட்டேன். அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அவனுக்கும் சேத்து நானே பேச முடியாது"ன்னா.

எனக்குக் கையில கத்தி நின்னு போச்சு. இவ சொன்னாச் செய்யுத ரகம். சின்னதுல பாவக்கா திங்க மாட்டேன்னு சொன்னவ, இன்னைக்கு வரைக்கும் தொடல.

அவ போன பெறவு பேரனக் கூப்பிட்டு, நாளைக்குப் போறியாடேன்னு கேட்டேன். போகாட்டா அம்மா அழுவான்னான். போனா வேற ஒருத்தி அழுவாளேன்னேன். போனத் தடவிக்கிட்டே தலையக் குனிஞ்சுக்கிட்டான். அப்பன மாதிரியே ஒரு தூணுக்குப் பின்னால நிக்கான்னு தெரிஞ்சு போச்சு. அடுத்த வீட்டுக் கதைன்னா நானும் சிரிச்சிருப்பேன்.

மறுநாள் காலையில எல்லாரும் மாடிக்குப் போனோம். நடு வீட்டுல பாய், வெளக்கு, தட்டுல அருகம்புல்லு, நெல்லு, சந்தனம், ஒரு மலை சந்தேஷ் மிட்டாய். அந்தப் பொண்ணு வெறும் வயித்தோட, புதுச் சேலை கட்டிக்கிட்டு, மொகத்துல ஒரு சொட்டு ரத்தம் இல்லாம நிக்கா. அவ அப்பா சன்னல் வழியா ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. ஒம் மாமன் சந்தேஷையே பாத்துக்கிட்டு இருக்கான். எம் மருமக மட்டும் யாரையும் பாக்கல, மகன் தோளப் பிடிச்சு அழுத்தி உக்கார வச்சா. அவனும் உக்காந்துட்டான்.

அவ முன்னால வந்து மண்டி போட்டா. அவன் மொகத்தையே பாத்தா. நானும் பாத்தேன். சொல்லுலே, சொல்லுலேன்னு மனசுக்குள்ள கத்துதேன். அவன் பாய்க் கோரையப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அவ அம்மா சங்க எடுத்து வாயில வச்சிட்டா. அவ விரலச் சந்தனத்துல தொட்டா. நெத்திக்கு நேராத் தூக்கிட்டா.

எம் மடியில போன் கெடந்துச்சு. அதுல பச்சை, செவப்பு தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. எடுத்துக் காதுல வச்சேன். "ஆங்? எப்பம்? யாரு, அம்பாசமுத்திரத்துக் கொழுந்தனாரா?"ன்னு கேட்டுட்டு, போன எறக்கி நெஞ்சுல கைய வச்சிக்கிட்டேன்.

விரல் அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.

அந்த அம்மாவுக்கு நான் வங்காளத்துல சொன்னேன். ஒங்க தாத்தாவோட சித்தப்பா மகன் தவறிட்டாரு, நெருங்கின பங்காளி, எங்க வீடு முழுக்கத் தீட்டு, இந்தப் பய நெத்தியில இப்பம் எதுவும் வைக்கப்படாதுன்னு. அவுகளுக்கும் இந்தத் தீட்டு உண்டு. ஐயோ மாசிமான்னு என்னையக் கூப்பிட்டுச் சங்க எறக்கி வச்சிட்டு, அந்த அம்மாவே மகள் கையப் பிடிச்சுப் பின்னால இழுத்தா. எமன் வரப்படாதுன்னு செய்யுத சடங்கு, அத நிறுத்த எமனையே கூப்பிட வேண்டியதாப் போச்சு பாரு.

ஆனா கதை அதோட முடியல. அந்த அம்பாசமுத்திரத்துக்காரரு போயிச் சேந்து எவ்வளவோ காலம் ஆச்சு. எம் மருமகளே அந்தச் சாவுக்குப் போயி மாரடிச்சு அழுதவ. இப்பம் எந்திரிச்சா.

"அத்தை, அவரு..."ன்னா.

"ஆமாம்மா, அவரேதான்"ன்னு நானும் அவ கண்ணையே பாத்தேன்.

அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நல்ல நாள்ல பொய்ச் சாவு சொன்ன கெழவின்னு நான் இந்தத் தெருவுல தலை காட்ட முடியாது. சந்தனம் அந்தா இருக்கு, விரலும் அந்தா இருக்கு. அவ ஒதடு அசைஞ்சுது. என்ன நெனைச்சாளோ, மாமியா பொய்யின்னு மத்தவுக வீட்டுல சொல்ல அவளுக்கு நாக்கு வரல. முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு விறுவிறுன்னு படி எறங்கிட்டா. நாங்களும் பின்னாலயே எறங்குனோம்.

கதவச் சாத்துனதும் ஆரம்பிச்சுது. செத்தவர மறுபடி சாகடிக்க ஒங்களுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு கேட்டா. எம் மகன எங்கிட்ட இருந்து பிரிக்கப் பாக்கிய, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளான்னு அழுதா. ஒம் மாமன் வழக்கம் போல நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் தலைய ஆட்டுதான்.

நான் சொன்னேன், "ஒங்கிட்ட நான் கேக்கல, அது நெசம். நீ அவன்கிட்டக் கேட்டியா? கேட்டிருந்தா நான் எதுக்கு ஒரு ஆளக் கொல்லப் போறேன்?"

அப்பதான் அந்தப் பய செவரு ஓரத்துல இருந்து வாயத் தொறந்தான். "கேளும்மா. கேட்டாச் சொல்லுதேன்"ன்னான்.

அவ கேக்கல. நாற்காலியில போட்டிருந்த துண்ட எடுத்து மடிச்சா, விரிச்சா, மறுபடி மடிச்சா. மேல யாரோ நடக்குத சத்தம் கேட்டுச்சு. அவன் அங்கனயே நிக்கான், இந்த வாட்டி தலையக் குனியல. கடைசியில அந்தத் துண்டப் பாத்துக்கிட்டே, "பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டா. அவ்வளவு மெதுவா அவ பேசி நான் கேட்டதே இல்ல.

"ஆமா"ன்னான். "அவ விரல எடுக்கும்போது செத்துட்டேம்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா அவகிட்ட?"ன்னு இவ அவனையே திட்டுதா. திட்டி முடிச்சுட்டு, துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, இல்லாத தீட்டுக்குத் தலைக்கு ஊத்தப் போயிட்டா. சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. பய மட்டும் அந்த நிமிசமே படி ஏறி ஓடிட்டான். மேல அந்தப் பொண்ணும் அவன ஒரு பாட்டம் திட்டுனது கீழ வரைக்கும் கேட்டுச்சு. நான் காதத் தீட்டிக் கேட்டேன், எல்லாம் நல்ல வசவுதான்.

அந்தப் பொண்ணோட அம்மா துக்கம் விசாரிக்க ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்தா. எம் மருமக அத வாங்கி வச்சா. ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டாவ. இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காவ. இடையில ஒரு தடவ மீனுங்கிற வார்த்தை காதுல விழுந்துச்சு, ஆனாச் சண்டைச் சத்தம் இல்ல.

அதுக்குள்ள தெருவுக்குத் தெரிஞ்சு போச்சு. எதிர் வீட்டு வங்காளத்து அண்ணியும் கோடி வீட்டு மாமியும் சேந்து வந்து, பாவம், ரொம்ப வயசா அவருக்குன்னு ஆரம்பிச்சு, பையனுக்கும் மாடி வீட்டுப் பொண்ணுக்கும் ஏதோன்னு சொல்லிக்கிடுதாவளே, நெசமான்னு மெதுவா எட்டிப் பாத்தாவ. நான் மூக்க உறிஞ்சி, முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சொன்னேன்:

"துக்க வீட்டுல வந்து கல்யாணப் பேச்சுப் பேசலாமாம்மா? பதினாறு கழியட்டும், வாங்க, பேசுவோம்."