பதினோரு சிவப்பு அம்புகள்

நாளொன்றுக்கு எண்ணூறு சட்டைகள் அவள் மேசையைக் கடந்து போகும். சட்டைக்கு அரை நிமிடம். காலர், பட்டன் துளை, அக்குள் தையல், கீழ் மடிப்பு. குறை தெரிந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டிவிடுவாள். தையல் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

ஆறு வருடங்களுக்கு முன், வேறொரு தொழிற்சாலையின் துணிக் கிடங்கில், மேற்பார்வையாளன் அவளைப் பலாத்காரம் செய்தான். அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அதே ஆள்மீது வேறொரு பெண் புகார் கொடுத்திருக்கிறாள். பழைய தொழிலாளர்களில் யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று விசாரணைக் குழு எல்லோருக்கும் கடிதம் அனுப்பியது. சாட்சி சொல்ல அவளுக்கு விருப்பம்தான். ஆனால் வாயைத் திறந்தால் முதலில் வருவது “நானாதான் உள்ள போனேன்” என்ற வார்த்தை. அது ஒன்றே போதும், அவன் தப்பித்துவிடுவான்.

விசாரணைக்கு இரண்டு மாதம் இருந்தது. அக்காதான் மனநல ஆலோசகரிடம் இழுத்துப் போனாள். அவருடைய அறை ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில். இயந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிரும். மூன்று வாரம் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பற்றியே பேசினாள். நடந்ததை எழுதி வரச் சொன்னார் ஆலோசகர். இரண்டரைப் பக்கம் எழுதினாள். கைப்பழக்கம், அதிலும் அம்பு ஒட்டிவிட்டாள். மொத்தம் பதினொன்று. தனியாகப் போனது, அவன் கூப்பிட்டபோது சிரித்தது, கத்தாமல் இருந்தது என்று வரிசையாக.

ஆலோசகர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அம்பு ஒட்டிய பிறகு சட்டை என்ன ஆகும் என்று கேட்டார். எந்த மேசையில் தப்பு நேர்ந்தது என்று பதிவேட்டில் எழுதவேண்டும் என்றாள்: வெட்டும் மேசையா, தையலா, சலவையா.

“அப்போ இந்தப் பதினொண்ணுக்கும் எழுதுங்க.”

முதல் வாரம் ஒன்பதுக்குத் தன் பெயரையே எழுதியிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் அதை வாங்கிப் பார்த்த அக்கா, “வேலையில இப்படி எழுதினா உன் சீட்டைக் கிழிச்சிடுவாங்கடி” என்றாள்.

கத்தாததைப் பற்றித்தான் அதிக நேரம் வாதாடினார்கள். பயத்தில் உடம்பு உறைந்துபோகும், குரல் எழும்பாது என்று ஆலோசகர் விளக்கினார். எல்லாருக்கும் இதையேதான் சொல்வீர்களா என்று வெடுக்கென்று கேட்டாள். எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது, பலருக்கு நடக்கிறது என்றார். அந்தத் திருத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று அந்த அம்பை உரித்தாள். மேலதிகாரி கூப்பிட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள் என்று அடுத்ததையும். ஐந்து வாரத்தில் மிஞ்சியது ஒன்று: இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது. அதை உரிக்க மாட்டேன் என்றாள். ஆலோசகரும் வற்புறுத்தவில்லை.

குழுவில் மூன்று பேர். இருபது நிமிடத்தில் சொல்லி முடித்தாள். இடையில் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த பெண் உறுப்பினர், ஆறு வருடம் ஏன் சும்மா இருந்தாள் என்று கேட்டார்.

“அப்பவே சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு தப்பிச்சிருப்பாளோன்னு தினமும் நினைக்கிறேங்க. ஆனா கிடங்குல நடந்ததுக்கு அந்த ஆள்தான் காரணம். நான் இல்ல.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

“கடைசியா சொன்னதையும் எழுதிக்குங்க” என்றாள். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.