ஐம்பதைத் தாண்டிய பருத்தி

சுங்கத் துறையின் பரிசோதனைக் கூடத்தில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். துணியிலிருந்து நூலைப் பிரிக்கும் ஊசி ஒன்று அவளுடைய வெள்ளைக் கோட்டின் காலரில் எப்போதும் குத்தியிருக்கும். அதோடு, முள்மேல் உட்கார்ந்தவள் மாதிரி ஓரிடத்தில் இரண்டு நிமிடம் இருக்கமாட்டாள்.

ஆளைப் பார்ப்பதற்கு முன் ஆள் போட்டிருக்கும் துணியைப் பார்க்கிற பிறவி. ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரை அவள் கை தானாகத் தடவிவிட்டது. அவர் திரும்பி முறைத்தார். "இல்லைங்க, இதைக் காட்டன்னு சொல்லி உங்க தலையில கட்டிட்டாங்க" என்று சொல்லப்போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. கப்பலில் வந்து இறங்கும் துணியில் பருத்தி எவ்வளவு, பாலியெஸ்டர் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இரண்டும் கலந்த துணி என்றால், எது எடையில் கூடுதலோ வரி அட்டவணையில் அந்த அத்தியாயத்துக்குத் துணி போகும். ஐம்பதை ஒரு பொட்டுத் தாண்டினாலும் பருத்தி. பருத்திக்கு வரி கூடுதல். அதனால் அந்த ஒரு பொட்டுக்குத்தான் அத்தனை சண்டையும்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு துண்டு வெட்டி, ஓவனில் நாலு மணி நேரம் காயவைத்து, எடை போட்டு, ஆசிட்டில் போட வேண்டும். ஆசிட் பருத்தியைக் கரைத்துவிடும். மிஞ்சியதைக் கழுவிக் காயவைத்து மறுபடி எடை போட்டால் அது பாலியெஸ்டர். குறைந்த எடை பருத்தி.

அந்த நாலு மணி நேரம்தான் அவளுக்கு ஆகாது. அடுப்பில் பால் வைத்தால் பொங்கும்வரை நிற்கத் தெரியாது. "நீ பத்து மாசம் என் வயித்துல இருந்ததே பெரிசு" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். டிக்கெட் வரிசையில் கணவர் அவளை நிற்க வைக்கவே மாட்டார். பாதியில் பக்கத்து வரிசைக்குத் தாவிவிடுவாள், அவள் போன நேரம் பார்த்து அந்த வரிசை நின்றுபோகும்.

மூன்று மாதத்துக்கு முன், விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், ஒரே மில்லிலிருந்து மூன்று சரக்கு வந்தது. இறக்குமதியாளர் சார்பில் அவற்றுக்குச் சுங்கப் பத்திரம் தாக்கல் செய்த கிளியரிங் ஏஜென்ட் மூன்றையும் பாலியெஸ்டர் என்று எழுதியிருந்தார். அவளுடைய ரிப்போர்ட் மூன்றையும் பருத்தி என்றது: 50.8, 50.6, 50.9. ஒருமுறை என்றால் கைத்தவறு என்று விட்டிருப்பார்கள். மூன்று முறை என்றதும், மனிதர் தெரிந்தே பொய் எழுதினார் என்று முடிவு கட்டி லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை விசாரணை. அதோடு லைசென்ஸ் நிரந்தரமாகப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடமாக அந்தத் தொழிலில் இருப்பவர். 'நான் பொய் எழுதவில்லை' என்று அவர் எழுதிய கடிதம் ஃபைலில் இருந்தது. எல்லாரும் இதைத்தானே எழுதுகிறார்கள் என்று அவள் ஃபைலை மூடியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி மழை. கணவர் வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியில் துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பாலியெஸ்டர் சட்டை நேத்தே காஞ்சிடுச்சு. உன் காட்டன் சட்டையைப் பாரு, ரெண்டு நாளா தண்ணியைக் குடிச்சிட்டு அப்படியே தொங்குது."

அவள் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள். அந்த மூன்று சரக்கு ஞாபகம் வந்தது.

அந்த மழை வாரத்தில் ஓவன் நிறைய வேறு சாம்பிள்கள் இருந்தன. எப்போது காலியாகும் என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பொறுமை போய், மூன்று துண்டுகளையும் அப்படியே தராசில் வைத்தாள். தொட்டால் காய்ந்துதானே இருக்கிறது! பாலியெஸ்டர் ஈரத்தை ஏற்காது. பருத்தியோ கைக்குத் தெரியாமல் காற்றிலிருந்தே குடிக்கும். குடித்த ஈரத்தையும் சேர்த்து அவள் பருத்தி என்று எழுதியிருந்தாள்.

அன்று அவள் ஆபீசுக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். அலமாரியில் மிச்சத் துண்டுகள் இருந்தன. வெட்டி ஓவனில் வைத்தாள். நாலு மணி நேரமும் ஓவன் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. மறுநாள் மத்தியானம் விடை வந்தது. 48.1, 47.9, 48.2. மூன்றுமே பாலியெஸ்டர். ஏஜென்ட் எழுதியது சரி.

கூடத்தின் தலைவர் அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"உங்களை யாரு மறுபடி டெஸ்ட் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நான் காயவைக்காம எடை போட்டுட்டேன்."

"அடுத்த மாசம் நான் ரிட்டயர் ஆகுறேன். இந்த நாற்காலி உங்களுக்குத்தான்னு மேல பேசி வச்சிருக்கேன். சாம்பிள் மிச்சமில்லைன்னு சொன்னா யாருங்க கேக்கப் போறா? நல்லா யோசிங்க."

அவள் யோசிக்கத்தான் செய்தாள், பொய் சொல்வானேன். அந்த நாற்காலிமேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வேலை போயிடுமா?" என்றார் அவர்.

"வேலை போகாது. பேரு போயிடும்."

"அந்தாளுக்கு ரெண்டும் போகுதே."

அதற்குமேல் அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, சாம்பிளைக் காயவைக்காமல் எடை போட்டேன் என்று சொன்னாள். முழுதாகச் சொல்லி முடித்தாள். அதிகாரிகள் புது எண்களை வாங்கிப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் லைசென்ஸ் திரும்பி வந்தது. அவளுக்கு ஒரு மெமோ வந்தது. தலைவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஏஜென்ட் வெளியே மாடிப்படியில் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார். சின்ன உருவம், தோளில் தொளதொளத்த கோட்டு. திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலை குனிந்தாள்.

"ஒரு உதவி பண்ணுவீங்களாம்மா? எங்க வீடு பக்கத்துலதான். என் பொண்ணுகிட்ட வந்து இதை ஒரு வார்த்தை சொல்லணும்."

"நீங்களே சொல்லலாமே சார்."

"நான் சொன்னா நம்பமாட்டா. லேப் ரிப்போர்ட் எப்படிப்பா பொய்யாகும்னு கேட்டா. அப்புறம் மூணு மாசமா எங்கிட்ட பேசல."

இரண்டு அறை வீடு. வங்கியில் வேலை பார்க்கும் மகள் வர ஆறு மணியாகும் என்றார். ஊசி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். என்ன சொல்வது என்று வாய்க்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். ஏஜென்ட் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் உள்ளே வந்தாள். அப்பாவைத் தாண்டிப் போகப்போனவள், புது ஆளைப் பார்த்து நின்றாள். ஊசி நின்றபடியே சொன்னாள். ஓவன், மழை, ஈரம், மூன்று எண்கள்.

"அப்ப அப்பா எழுதினது?"

"சரிதாம்மா. நான்தான் தப்பு."

மகளின் முகம் சிவந்தது. கைப்பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள். "உங்களை நம்பினேன். எங்கப்பாவை நம்பல."



"விடும்மா" என்றார் ஏஜென்ட். "பையை வச்சிட்டுக் கைகால் கழுவிட்டு வா. சாப்பிடலாம்."