ஏவன்டேல் சலூனில் ஓடும் நாடகம்

ஆக்லாந்தில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், ஏவன்டேல் சலூன் ஒன்றில் முடி வெட்ட உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, சொந்த உழைப்பில் யாழ்ப்பாணத்தில் மூன்று லொறி ஓட்டுகிறவன் நான். எவனுக்கும் பயந்தவனில்லை.

தொலைக்காட்சியில், மேடையில் நடித்துப் படமாக்கிய எகிப்திய நகைச்சுவை நாடகம். "என் வீடு, என் சுதந்திரம்" என்று ஒருவன் மேளம் அடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் வந்து அவன் கட்டிலில் படுத்து, "இது என் சுதந்திரம்" என்கிறான். முடி வெட்டும் மன்னார்த் தம்பி அன்ரன் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்ல, வயிறு குலுங்கச் சிரிக்கிறேன்.

சப்பாத்துச் சத்தத்தோடு சீருடைக்காரன் ஒருவன் மேடைக்கு வருகிறான். சலூன் முதலாளி, எகிப்துக்காரர், பாய்ந்து ஒலியைக் குறைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறார்.

"உந்தாளுக்கு என்ன தம்பி?"

"எகிப்திலை இந்தக் கட்டம் வந்தா, பொலிசுக்குக் கேட்டிடுமெண்டு அவரின்ரை தகப்பன் சத்தத்தைக் குறைப்பாராம், ஐயா. இஞ்சை ஒருத்தரும் பிடிக்க மாட்டினம் எண்டாலும் கேக்கிறாரில்லை."

"சரியான பயந்தாங்கொள்ளி!"

அன்ரன் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறான்.

"அப்ப நீங்கள் ஏன் ஐயா அடையாள அட்டையைக் கையிலை வச்சிருக்கிறியள்?"

குனிந்து பார்க்கிறேன். சட்டைப்பையில் இருந்த இலங்கை அட்டை, யுத்த காலத்தில் சோதனைச்சாவடியில் நீட்டியதுபோல், விரல்களுக்கிடையில் இருக்கிறது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. சீருடைக்காரன் மேடையை விட்டுப் போகும்வரை அதைத் திருப்பி வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.