கரடியின் காலடிக்கு நாம் செய்த இலைகள்

அக்காவைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. அக்கா கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தார்.
2. அப்பா மறைந்தபின் அம்மாவையும் என்னையும் பெங்களூருக்கு, ஸ்ரீராம்புரத்துக்கு அழைத்து வந்தார்.
3. இங்கே ஓர் அருங்காட்சியகத்தில், பாடம் செய்த விலங்குகளைச் சுற்றிக் காடு அமைக்கும் பிரிவில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில் என்னை டிப்ளமா படிக்கவைத்தார்.
4. சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் விழுந்தார்.
5. அப்போது அவர் அமைத்துக்கொண்டிருந்த கரடிக் காட்சி பாதியில் நின்றது.

கண்ணாடிக்கூட்டுக்குள் பின்சுவர் ஓவியம், பாறை, கரடி தோண்டும் புற்று எல்லாம் முடிந்திருந்தன. தரையில் பரப்பும் சருகு மட்டும் பாக்கி. நிஜச் சருகை அக்கா உள்ளே விடமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூங்காவில் பொறுக்கிய சருகை அப்படியே பரப்பிவிட்டார். அதில் இருந்த பூச்சிகள் மயிலின் கழுத்து இறகைத் தின்று தீர்த்தன. அதன்பின் மணலைக்கூட எங்கள் வாணலியில் வறுத்துத்தான் கொண்டுபோவார்.

"மண்ணை வறுத்து யாருக்குடி பரிமாறப் போறே?" என்பார் அம்மா.

"புலிக்கும்மா. உப்பு மட்டும் நீ பார்த்துப் போடு."

பிரிவின் தலைவர் அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கரடி நிற்கும் காட்சிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. "கவலைப்படாதேம்மா, தேங்காய் நார் விரிப்பு போட்டுக்கலாம்" என்று ஆறுதலாகத்தான் சொன்னார்.

"கரடி வாசல்ல கால் துடைக்கிற மாதிரி இருக்கும் சார். இலை அச்சையெல்லாம் இங்கே அனுப்புங்க."

அனுப்பினார். மெல்லிய துணியை மெழுகில் தோய்த்து, அச்சில் அழுத்தி, நரம்பு தெரிய எடுத்து வண்ணம் தீட்ட வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அக்கா கட்டிலில் சாய்ந்தபடி செய்தார். நலம் விசாரிக்க வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். ஹெப்பகோடியிலிருந்து வந்த சித்தப்பா தீட்டியதெல்லாம் பச்சை.

"சித்தப்பா, இது காஞ்ச இலை. நீங்க வெத்தலை பண்ணி வச்சிருக்கீங்க."

"இருக்கட்டும்மா. கரடி சாப்பிட்டுட்டுப் போட்டுக்கட்டும்."

சிரித்ததில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அந்த இலைகளைத் தள்ளவில்லை.

பிறகு அக்காவை மருத்துவமனையிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. நானே இலைகளைக் கொண்டுபோய்ப் பரப்பினேன். கரடியின் முன்னங்கால் அருகே போதவில்லை. போட்டோ எடுத்துக் காட்டி, இன்னும் செய்யட்டுமா என்று கேட்டேன். அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அதை விட்டுடு. கரடி கிளறின இடம் அது. நகத் தடம் மட்டும் போடச் சொல்லு."

வேலை பற்றி அக்கா பேசியது அதுவே கடைசி.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மருத்துவமனையில் அக்காவுக்குத் துணை இருந்தவர்களுக்கும், இறுதி நாளில் எங்களைத் தாங்கியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பிரஷ் பிடித்த எல்லோருக்கும் என் நன்றி. கூடத்துக்குப் போனால் உங்கள் இலை எது என்று தேடாதீர்கள், கலந்துதான் பரப்பியிருக்கிறேன். சித்தப்பாவுடையவை மட்டும் புற்றுக்குப் பின்னால் தெரியும்.

கரடிக் காட்சி திறந்தாயிற்று. கண்ணாடியை மூடிவிட்டார்கள். முன்னங்கால் அருகே வெறும் மண்ணும் நகத் தடமும் இருக்கின்றன.