சுத்திகரித்த தண்ணீரில் கட்டிய வீடு

பள்ளிபாளையத்தில் நான் வீடு கட்டிய வருடம் கடும் வறட்சி. போர்வெல் வற்றிவிட்டதால், சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரை லாரியில் வரவழைத்துத்தான் கான்கிரீட் கலந்தோம். "அந்தத் தண்ணி கம்பிய அரிச்சுப் போடுமுங்க" என்று என் மனைவி பயந்தாள். பரிசோதித்த தண்ணீர்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை அவள் நம்பவில்லை.

அவள் இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். போன மாதம் ஒரு தூணில் மெல்லிய கீறல் தெரிந்தது. சேலத்திலிருந்து கட்டடம் சோதிப்பவர் ஒருவரை வரச் சொன்னேன். அவர் தூண்களைத் தட்டிப் பார்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று கருவி வைத்தும் பார்த்தார்.

"கீறல் பூச்சுலதானுங்க. உள்ள கான்கிரீட் கல்லாட்டம் இருக்குது. இன்னும் ரொம்ப காலம் நிக்குமுங்க."

அதைக் கேட்க என் மனைவி இல்லை. மாடியையும் பார்த்துவிடச் சொன்னேன். பிறகு தண்ணீர்த் தொட்டியையும் காட்டினேன். எங்கும் குறையில்லை. வீட்டுக்குள் இன்னொருவர் நடமாடும் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அவர் கருவிகளைப் பையில் வைத்தபோது, "கொல்லைச் சுவரு ஒண்ணு பாக்கி இருக்குதுங்க" என்றேன்.

"அது வெறும் செங்கல்லுங்க" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். "காப்பி இருந்தா குடிச்சுட்டுப் போறேனுங்க."

இரண்டு பேருக்குக் காப்பி கலக்கும் அளவு எனக்கு மறந்துபோயிருந்தது. பால் அதிகமாகிவிட்டது. அவர் மெதுவாகக் குடித்தார்.