லீக்குன்னு ஒரு வார்த்தை

ஹட்டன் பஜாருல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவரை நாங்க பாஸ்னு கூப்பிடுவோம். அவருக்குத் தெரிஞ்ச வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான்: லீக்கு, அதாவது கரண்டு கசியுதாம். மீட்டர் முள்ளு கொஞ்சம் அசைஞ்சாப் போதும், "டிரான்சிஸ்டர் லீக்கு, மாத்தணும்"னு புடுங்கிப் போட்டுருவாரு.

பழைய செட்டுக்கு அது சரி. எண்பதுகள்ல வந்த ஜப்பான் செட்டுகள்ல, இடத்தை மிச்சம் பிடிக்க, டிரான்சிஸ்டர் வயித்துக்குள்ளேயே கரண்டைத் தடுக்கிற ரெண்டு ரெசிஸ்டரை வச்சு அடைச்சிருந்தான். வெளியில பார்த்தா அதே மூணு கால், அதே கறுப்பு மூஞ்சி. மீட்டர் வச்சா உள்ள இருக்கிற ரெசிஸ்டர் வழியா முள்ளு அசையத்தான் செய்யும். இவரு அதையும் லீக்குன்னு முடிவு கட்டிட்டாரு. நானும் இதே தொழிலுக்கு வந்த பிறகுதான் இது விளங்குச்சு. விளங்கி என்ன பிரயோசனம்?

எங்க அக்கா, தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பின ஒப்பந்தத்துல போனவ. றொசல்லையில ரயில் ஏறுறதுக்கு முந்தின நாள், சவூதியில வேலை செஞ்ச மாமா குடுத்த ஜப்பான் கேசட் செட்டுல அம்மாவுக்காகப் பேசி வச்சுட்டுப் போனா. கோழிக்குத் தவிடு வைக்கச் சொன்னா. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போறப்ப கம்பளியை மறக்காதேன்னா. நடுவுல என்னையும் நல்லாத் திட்டியிருந்தா. ஞாயித்துக்கிழமை ஆனா அம்மா அதைப் போட்டுக் கேக்கும்.

நாங்களும் பேசி அனுப்பலாம்னு பார்த்தா, செட்டு ரெகார்டு எடுக்கல. பாஸ்கிட்ட கொண்டு போனேன். முள்ளைப் பார்த்தாரு, "லீக்கு"ன்னாரு. செவனேன்னு கிடந்த நல்ல டிரான்சிஸ்டரைக் கழட்டி எறிஞ்சுட்டு, உள்ள ரெசிஸ்டர் இல்லாத சாதா ஒண்ணை அதே இடத்துல ஒட்டினாரு. சுவிட்சையும் துடைச்சாரு, கோளாறே அந்த அழுக்குதான். கடையில கிடந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தாரு, ரெகார்டு எடுத்துச்சு. "பார்த்தீங்களா தம்பி"ன்னு பெருமையாச் சிரிச்சாரு. தடுக்க ரெசிஸ்டர் இல்லாம கரண்டு நேரா ஏறி, ரெகார்டு எடுக்கிறப்ப மட்டும் அழிக்கிற ஹெட்டுக்குக் கரண்டு விட வேண்டிய அந்தப் புதுச் சனியன் அங்கேயே வெந்து ஷார்ட் ஆயிருச்சு. அதுக்குப் பிறகு, கேக்கிறதுக்குப் பட்டனை அழுத்தினாலும் டேப்பை அழிக்கிற ஹெட்டு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.

அந்த வாரமே தந்தி வந்துச்சு. கூடலூர்ல அக்கா பிரசவத்துல செத்துட்டா. போறதுக்கு எங்ககிட்ட பாஸ்போர்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோட்டத்து லயத்து வீட்டுச் சனம் கூடியிருக்க, "அவ குரலையாவது போடு"ன்னுச்சு அம்மா. போட்டேன். சர்ருன்னு வெறும் இரைச்சல். கொஞ்சம் ஓட்டிட்டுப் போட்டேன். "அம்"முன்னு அரை வார்த்தை வந்துச்சு, திரும்பவும் இரைச்சல். அழிக்கிற ஹெட்டுக்கும் கேக்கிற ஹெட்டுக்கும் நடுவுல விரல் அகலம் டேப்பு, அது மட்டும்தான் தப்பிச்சது. எங்களுக்கு அப்ப அது தெரியுமா? "இந்தா பேசுறாளே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுய்யா"ன்னு அம்மா கெஞ்சுச்சு. தள்ளித் தள்ளிப் போட்டோம். அங்கங்க அரை அரை வார்த்தை. பிறகு மனசு கேக்காம முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓட விட்டோம். மிச்சம் மீதி இருந்த அக்காவும் அதோட போயிட்டா.

மறுநாள் செட்டைத் தூக்கிட்டு பாஸ்கிட்ட ஓடினேன். பட்டனை அழுத்திப் பார்த்தாரு.

"செட்டுல ஒரு குறையும் இல்ல. கேசட்தான் பழசு. வேற கேசட் வாங்கிப் போடுங்க தம்பி."

வேற கேசட்டாம்! அதுல பேச அக்காவை எந்தக் கடையில வாங்குறது, நாசமாப் போறவனே?