புகை வராத காம்பரா

தேயிலை மிலாறு எரிகிற புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையில் கசப்பாய் இறங்கும், துவைத்து உலர்த்திய பாவாடையில்கூட ஒட்டிக்கொண்டு கிடக்கும்; இலங்கை மலைநாட்டில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு மழைக்காலம் என்றால் முதலில் அந்த நாற்றம்தான். கவ்வாத்து வெட்டிக் கழித்த செடிக் குச்சிகளைத்தான் "மிலாறு" என்போம். அதைப் பொறுக்கிச் சுமந்துவந்து "காம்பரா"வின் பரணில் அடுக்கிவிட்டால் குளிருக்குப் பயமில்லை. காம்பரா என்றால் பெரிதாக எதுவுமில்லை, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு விட்ட ஒற்றை அறை. சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் அதற்குள்ளேயேதான்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து சேர்ந்தது. மேலிடத்தில் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புகள் எண்ணெயை விட்டு விறகுக்கு மாறவேண்டும், தோட்டத்து விறகு ஒரு குச்சி மிச்சமில்லாமல் அங்கே போகவேண்டும், லயத்துச் சனத்துக்கு அதற்குப் பதிலாக மண்ணெண்ணெய்க் கூப்பன். கூப்பன் வந்தது, எண்ணெய் வரவில்லை. எண்ணெய் இல்லாமல்தானே எங்கள் விறகைப் பிடுங்கினீர்கள், பிறகு எங்களுக்கு மட்டும் எங்கேயிருந்து கொட்டும் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாயில்லை. மிலாறு எடுத்துப் பிடிபட்டால் வேலை போகும், வேலை போனால் காம்பராவும் போகும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க் களத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

அதைப் பார்த்துக்கொள்ள காவக்கார அந்தோனியை விட்டார்கள். எதிர்மேட்டில் கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் நின்றால் எங்கள் லயத்துக் கூரை முழுவதும் அவர் கண்ணில் படும். புகை கண்ட காம்பராவுக்கு வந்து பரணைக் கிளறுவார். அவர் தடி வாசலில் தட்டுகிற சத்தம் கேட்டாலே எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். பொய்யில்லை, அவ்வளவு பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி பிறந்தான். ஏழு மாதத்துப் பிள்ளை, கையில் எடுத்தால் கனமே தெரியாது. மருத்துவிச்சி அம்மா போகும்போது, "சூடு கொறையாம பாத்துக்கங்க, இல்லாட்டி புள்ள தங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பெற்றவளின் கட்டிலடியில் "கணப்புச் சட்டி" வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் எதைப் போட்டு எரிப்பது?

அப்பா சலவைத் தொழிலாளி வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, துணி தேய்க்க வைத்திருந்த சிரட்டைக்கரியை வாங்கிவந்தார். "கரியில பொக வராது. அந்தோனி இல்ல, அவங்கப்பன் வந்தாலும் கண்டுபுடிக்க ஏலாது" என்று அப்போதுதான் சிரித்தார் பாவம். சட்டியில் கங்கு சிவந்து கிடப்பது வெளியே தெரியக்கூடாது, சூடும் போகக்கூடாது என்று ஜன்னலையும் கூரை இடுக்குகளையும் சாக்கால் அடைத்தார். கதவுக்கடியில் பழைய கம்பளியைத் திணித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நானும் அம்மாவும் தம்பியும் உள்ளே. எத்தனையோ நாளைக்குப் பிறகு கால் விரல் சூடானது.

வெளியே அடைமழை. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது. அம்மா, "என்னமோ தூக்கமா வருதுடி" என்றாள். தம்பி சிணுங்குவதை நிறுத்தியிருந்தான். சூட்டுக்குத்தான் சுகமாய்த் தூங்குகிறான் என்று நினைத்தோம்.

அப்போது வாசலில் தடி தட்டியது.

"தெறக்காத" என்று அம்மா கையை ஆட்டினாள். திறக்க நினைத்தாலும் எழுந்திருக்க முடியாமல் என் கால்கள் துவண்டு கிடந்தன. தட்டல் பலமானது. பிடிபட்டோம், வேலை போச்சு, காம்பரா போச்சு, இந்த மழையில் பச்சைப்பிள்ளையோடு ரோட்டில்தான் என்று உள்ளுக்குள் அலறினேன். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கதவு உடைந்து விழுந்தது. அந்தோனி கணப்புச் சட்டியை ஒரே உதையில் வெளியே தள்ளினார், சாக்கைப் பிய்த்து எறிந்தார், தம்பியைத் தூக்கிக்கொண்டு "இஸ்தோப்பு"க்கு, அதுதான் வாசல் தாழ்வாரத்துக்கு, ஓடினார். பிறகு வந்து எங்களையும் இழுத்துப் போட்டார்.

அவருடைய கம்பளிக்குள்ளிருந்து தம்பி வீலென்று அழுத பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது. அந்தோனி அம்மாவைப் பார்த்துக் கத்தினார். "அடி பைத்தியக்காரி! பச்சப்புள்ள இருக்கிற காம்பராவுல, இந்தக் குளிர்ல, காலையிலேர்ந்து பொகையே வரலியேன்னு பாத்துக்கிட்டே நிக்கிறேன்! மூடுன ரூம்புல கரி போட்டா ஆளக் கொன்னுரும்டி!"

சாயங்காலம் அவர் எங்கிருந்தோ ஒரு கட்டு மிலாறு கொண்டுவந்து இஸ்தோப்பில் போட்டார். எங்கள் கூரையில் மறுபடி புகை எழுந்தது. கங்காணி கேட்டதற்கு, "பொகையா? அது மேகம் எறங்கினதுங்க" என்றாராம்.

இப்போது நான் கண்டி டவுனில் இருக்கிறேன். அந்த லயம் இடிந்துவிட்டது, அந்தோனியும் இல்லை, மிலாறு பொறுக்கப் போகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அண்மையில் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, அரசாங்கம் மறுபடியும் ஏதேதோ அட்டையும் முறையும் கொண்டுவந்தது. கடைகளில் கரி அடுப்பு விற்றுத் தீர்ந்தது. மழை கொட்டிய ஒரு காலையில், பிள்ளை பெற்று வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடப்பதைப் பார்த்தேன். செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போய் அவள் கதவை இரண்டு கையாலும் அறைந்தேன்.

"என்ன ஆன்ட்டி, என்ன நடந்திச்சு?" என்று பிள்ளையும் கையுமாகப் பதறி வந்து திறந்தாள்.

"ஒண்ணுமில்ல புள்ள" என்றேன். "அந்த ஜன்னல மட்டும் கொஞ்சம் தெறந்து வை."